லத்தீனின் உடன்பிறந்தார்

கல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் ரயில் நிலையத்தருகே காய்கறி வாங்கப் போனால் காதில் விழும் வங்க எண்கள்: ஷாத், நொய், தொஷ். ஏழு, ஒன்பது, பத்து. செப்டம்பர், நவம்பர், டிசம்பர் என்ற மாதப் பெயர்களில் இருக்கும் லத்தீன் எண்களுக்கு இவை ரத்த சொந்தம். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786 பிப்ரவரி 2 அன்று வில்லியம் ஜோன்ஸ் அறிவித்ததும் இதே கல்கத்தாவில்தான், ஏஷியாடிக் சொசைட்டியின் கூட்டத்தில்.

அவர் பட்டியலில் இத்தாலிக்கு லத்தீன் மட்டுமே இருந்தது. ரோமாபுரி சிற்றூராக இருந்த காலத்தில் அது தீபகற்பத்தின் பல மொழிகளில் ஒன்று. ஃபலிஸ்கன் அதற்கு மிக நெருக்கம். ஆஸ்கனும் உம்பிரியனும் தெற்குப் பிசேனியனும் இன்னொரு கிளை. பக்கத்திலேயே பேசப்பட்ட எட்ருஸ்கன் இந்தக் குடும்பமே இல்லை. ஆனால் எழுத்தைக் கடன் கொடுத்தது.

உம்பிரியனைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, இத்தாலியின் குப்பியோ ஊரில் 1444இல் கிடைத்த ஏழு வெண்கலப் பட்டயங்களிலிருந்து வந்தது. பூசாரிகளின் சடங்கு விதிகள் அவை. அவற்றை முறையாக ஆராய்ந்து 1849-51இல் நூலாக்கியவர்கள் கிர்ஹோஃப், அவுஃப்ரெக்ட் என்ற இரு ஜெர்மானியர்கள். இந்த தியோடர் அவுஃப்ரெக்ட் நமக்கு அந்நியரல்ல. ரிக் வேதம் முழுவதையும் ரோமன் எழுத்தில் பதிப்பித்தவர். சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அவர் தயாரித்த பெரும் பட்டியலை விரித்துப் புதுப்பிக்கும் பணியைத்தான் சென்னைப் பல்கலைக்கழகம் பல பதிற்றாண்டுகளாகச் செய்து வருகிறது.

பட்டயங்களின் வேண்டுதல் ஒன்றில் 'விரோ பெக்வோ' நலமாகக் காக்கப்பட வேண்டும் என்று வருகிறது. ஆட்களும் ஆடுமாடுகளும். நாம் தமிழிலும் வழங்கும் வீரன், பசு ஆகிய வடசொற்களின் உறவினர்கள் இவை. இன்னோரிடத்தில் 'துபுர்சுஸ் பெதுர்புர்சுஸ்': இருகால் உயிர்களுக்கும் நாற்கால் உயிர்களுக்கும். வேத மந்திரங்களும் இதே இணையைச் சொல்லித்தான் நலம் கேட்கின்றன. எண்கள் ஒத்துப்போவதைவிட இது எனக்குப் பெரிய சான்று. பிரிந்துபோன கூட்டத்தார் தனிச் சொற்களோடு, தெய்வத்திடம் கேட்கும் முறையையும் எடுத்துச் சென்றிருக்கிறார்கள்.

'பெதுர்' என்பது நான்கு. மூலமொழியின் 'க்வ' ஒலியை லத்தீன் காப்பாற்றி 'க்வத்துவோர்' என்றது. உம்பிரியனும் ஆஸ்கனும் அதைப் பகரமாக்கின. சமஸ்கிருதத்தில் அது சகரமாகி, வங்காளியின் 'சார்' வரை வந்திருக்கிறது. நெருப்புக்கு லத்தீன் 'இக்னிஸ்' என்கிறது, நம் அக்னியின் பக்கம். உம்பிரியன் 'பிர்' என்று கிரேக்கத்தின் பக்கம் சாய்கிறது. நீருக்கு லத்தீன் 'அக்வா'. உம்பிரியனின் 'உதுர்' சமஸ்கிருத உதகத்தோடு சேர்கிறது. ஒரு மொழியை மட்டும் வைத்து ஒரு கிளையை அளக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

கி.மு. 91இல் இத்தாலிய நேச நாடுகள் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்தபோது, இத்தாலி என்ற பெயரை ஆஸ்கனில் 'விதெலியு' என்று பொறித்து நாணயம் அடித்தன. அவற்றில் சிலவற்றில் காளை ஓநாயை முட்டுகிறது. ஓநாய் ரோமாபுரியின் சின்னம். போர் குடியுரிமையில் முடிந்தது. குடியுரிமையோடு லத்தீனும் வீடுகளுக்குள் வந்தது. குப்பியோவின் பிந்தைய பட்டயங்களில் மொழி உம்பிரியன்தான். எழுத்து மட்டும் ஏற்கெனவே லத்தீன்.

(தொடரும்)