கடைசி அரை நிமிடம்

தூண்டிலுக்கு ஆயிரம் ஆயிரமாகச் செலவழிக்கத் தயங்காதவர்கள்கூட கைவலை என்று வந்ததும் கஞ்சர்களாகிவிடுகிறார்கள். இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றில் அந்தக் கஞ்சத்தனத்துக்கு விலை கொடுப்பது மீன்.

இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சியை நீர்மேல் வீசி ட்ரவுட்டை ஏமாற்றுவதுதான் ஃப்ளை ஃபிஷிங். பிடித்ததைத் திருப்பி விட்டுவிடுவது இன்றைய நாகரிகம். ஆனால் விட்ட மீன் பிழைக்கிறதா? நீந்திப் போவதைப் பார்த்து மனிதர் திருப்திப்பட்டுக்கொள்கிறார். பிறகு பாறையிடுக்கில் அது செத்தால் யாருக்குத் தெரியும்?

பழுப்பு ட்ரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல. வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காக 1900 வாக்கில் காஷ்மீருக்கும், 1909இல் குலுவுக்கும் கொண்டுவந்தது. (நம் நீலகிரியின் அவலாஞ்சி குஞ்சு பொரிப்பகமும் அதே மோகத்தின் மிச்சம்தான்.) ஆனால் இன்று தீர்த்தன் பள்ளத்தாக்கில் தங்கும் விடுதிக்காரர், வழிகாட்டி எனப் பலரது பிழைப்பில் இந்த மீனுக்குப் பங்கு உண்டு. 2023 ஜூலை போன்ற வெள்ளங்களே போதாதா மீனுக்கு? மோசமான வலை வேறு எதற்கு?

சந்தையில் மலிவாகக் கிடைப்பது முடிச்சுப் போட்ட நைலான் வலை. துள்ளும் மீனுக்கு அது உப்புத்தாள் மாதிரி. ட்ரவுட்டின் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்புதான் அதன் கவசம். முடிச்சுகள் அதை வழித்தெடுக்கும், துடுப்பையும் கிழிக்கும். கவசம் போன இடத்தில் பூஞ்சணம் குடியேறும். 2003இல் வெளியான, கனடாவில் நடந்த ஓர் ஆய்வில் வேறொரு நன்னீர் மீனை வைத்து நான்கு வகை வலைகளைச் சோதித்தபோது, முடிச்சு வலையைவிட ரப்பர் வலை குறைவாகவே காயப்படுத்தியது.

ரப்பரால் இன்னொரு லாபம்: தூண்டில் முள் அதில் சிக்குவது அபூர்வம். நைலானிலோ முள், நூல், மீன் மூன்றும் பின்னிக்கொள்ளும். பிரித்தெடுப்பதற்குள் மீன் காற்றில் வாய் பிளந்து கிடக்கும். 1992இல் வெளியான மற்றொரு கனடா ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. களைத்துப்போகும்வரை நீந்தவிட்ட வானவில் ட்ரவுட்களில், காற்றே படாதவற்றில் 12 சதவிகிதம் செத்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவிகிதம். 60 விநாடி வைத்தவற்றில் 72 சதவிகிதம். எல்லாம் 12 மணி நேரத்துக்குள். ஆய்வுக்கூடக் கணக்குதான் என்றாலும், புகைப்படத்துக்காக மீனைத் தூக்கிப் பிடிப்பவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

ரப்பர் வலைக்குக் குறையே இல்லையா? உண்டு. கனம் அதிகம், விலையும் அதிகம், வேகமான நீரில் கையை இழுக்கும். அதற்குப் பயந்தால், ரப்பர் பூசிய முடிச்சில்லாத வலை நடுவழி.

பை ஆழமாக இருந்தால் மீன் மடங்கிச் சுருண்டுகொள்ளும். ஆழம் குறைந்த, அடி தட்டையான பையே நல்லது. தீர்த்தன் போன்ற ஆற்றுக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான வளையம் போதும். கைப்பிடி குட்டையாக இருக்கட்டும். உருண்டைப் பாறைகளுக்கு நடுவே இடுப்பளவு நீரில் நிற்பவருக்கு நீளக் கைப்பிடி தொல்லை. அது படகில் போகிறவர்களுக்கு. முதுகில் காந்தக் கொக்கியில் மாட்டி, ஒரு கயிற்றாலும் கட்டிவைத்தால் வழுக்கி விழுந்தாலும் வலை போகாது. சட்டம் மரமா, அலுமினியமா என்பது அழகு பற்றிய சர்ச்சை; மீனுக்கு அதில் அக்கறை இல்லை.

வலையை முதலில் நனைக்க வேண்டும். மீனைத் துரத்திக் கொத்தாமல், வலையை நீருக்குள் அசையாமல் பிடித்து, மீனைத் தலை முன்னாக அதன்மேல் கொண்டுவர வேண்டும். பை நீரிலேயே இருக்க, முள்ளைக் கழற்றலாம். உள்ளங்கை நீளக் குஞ்சுக்கு வலையே தேவையில்லை. முள்ளின் எதிர்முள்ளை முன்கூட்டியே குறடால் நசுக்கியிருந்தால், நனைந்த விரல்களால் ஒரு திருகு திருகினால் போதும், நழுவிவிடும்.