பச்சைக் கோடும் அணுக் கணக்கும்

விண்மீன் ஒன்றின் பொருளைக் கையில் எடுத்து ஆராய்ந்தவர் எவரும் இலர். ஆயினும், அதில் இரும்பு உண்டு, கால்சியம் உண்டு, அதன் வெப்பம் இத்துணை என்றெல்லாம் வானநூலார் உறுதியுடன் கூறுகின்றனர். இவ்வுறுதியைத் தருவது தொலைநோக்கி மட்டும் அன்று. அணுவைப் பற்றிய நுண்ணிய கணக்குகளும் ஆகும். தென்னிந்திய மண்ணோடு தொடர்புடைய ஒரு பச்சைக் கோட்டின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க முற்படுவோம்.

உப்பிட்ட நீர் பொங்கி அடுப்புத் தீயில் வழியும்போது சுடர் மஞ்சளாக மாறுவதை நாம் கண்டிருக்கிறோம். அம்மஞ்சள், உப்பிலுள்ள சோடியத்தின் ஒளி. அணுவில் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருத்தல் கூடும். மேல்நிலையிலிருந்து கீழ்நிலைக்கு இறங்கும்போது, இரண்டுக்கும் இடையேயுள்ள ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. நிலைகள் அணுவுக்கு அணு வேறுபடுவதால், ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டுகிறது.

1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் குண்டூர், மசூலிப்பட்டினம் முதலிய இடங்களில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. கதிரவனின் விளிம்பில் எழும் சுடர்களின் நிறமாலையை அன்று ஆராய்ந்தனர். அச்சுடர்களின் மஞ்சள் கோடு ஒன்று மண்ணுலகில் அறியப்பட்ட எதனோடும் பொருந்தவில்லை. அதற்குரிய தனிமத்திற்கு ஹீலியம் என்று பெயர் சூட்டப்பெற்றது. 1895இல் ராம்சே என்பார் அதனைப் பூமியிலேயே கண்டெடுத்தார்.

இதற்கிடையில், 1869இல் அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தின்போது, கதிரவனைச் சூழ்ந்த கொரோனா என்னும் ஒளிமகுடத்தில் பச்சைக் கோடு ஒன்று புலப்பட்டது. அதன் அலைநீளம் 5303 ஆங்ஸ்ட்ராம். 1871 டிசம்பர் 12ஆம் நாள் கிரகணம் தென்னாட்டைக் கடந்தபோது, ஜான்சென் நீலமலையிலும், லாக்கியர் பேக்கல் கோட்டையிலும், ரெஸ்பிகி புதுக்கோட்டையிலும் நின்று கொரோனாவை ஆராய்ந்தனர். நஞ்சன்கூட்டில் வாழும் நாம் குண்டலுப்பேட்டை வழியாக உதகைக்குச் செல்வதுண்டு. அச்சாலை சென்றேறும் மலையில்தான் ஜான்சென் தம் கருவியுடன் காத்திருந்தார்.

பச்சைக் கோட்டிற்கும் ஒரு புதிய தனிமமே காரணம் எனக் கருதி, அதற்குக் 'கொரோனியம்' என்று பெயரிட்டனர். ஹீலியம் தந்த துணிவு அது. ஆனால் தனிமங்களின் அட்டவணை நிரம்ப நிரம்ப, கொரோனியத்திற்கு அதில் இடமே இல்லை என்பது தெளிவாயிற்று. பெயர் இருந்தது, பொருள் இல்லை.

விடை கணக்கிலிருந்து வந்தது. 1939இல் ஜெர்மானியரான குரோட்ரியன், கொரோனாவின் வேறு இரு கோடுகள் பல எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் ஆற்றல் நிலைகளுக்குப் பொருந்துவதைக் காட்டினார். ஸ்வீடன் நாட்டு எட்லேன் அவ்வழியே சென்று, 1940களின் தொடக்கத்தில் பச்சைக் கோட்டின் புதிரை விடுவித்தார். இரும்பணுவில் எலக்ட்ரான்கள் 26. அவற்றுள் 13 நீங்கினால் எஞ்சுவன 13. அலுமினியத்தில் உள்ளனவும் அத்தனையே. அலுமினியம் முதலாக, 13 எலக்ட்ரான்களே கொண்ட அணுக்களின் வரிசையில் ஆற்றல் நிலைகள் எவ்வாறு படிப்படியாக மாறுகின்றன என்று கணித்து நீட்டிச் சென்றால், இரும்பினிடத்தில் அப்பச்சைக் கோடு வந்து நிற்கிறது!

பின் ஏன் அது ஆய்வுக்கூடத்தில் தென்படவில்லை? சாதாரணக் கோடுகளுக்குரிய எலக்ட்ரான் நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவிலேயே இறங்கிவிடும். பச்சைக் கோட்டிற்குரியதோ நொடியின் அறுபதில் ஒரு பங்கு காத்திருக்கிறது. அதற்குள் வேறு துகள்கள் மோதி அதன் ஆற்றலைக் கவர்ந்துவிடும். கொரோனா மிக மெலிந்த வெளியாதலால் அங்கே அது தடையின்றி ஒளிவிடுகிறது.

இதனினும் பெரிய வியப்பு ஒன்றுண்டு. இரும்பு 13 எலக்ட்ரான்களை இழக்க வேண்டுமாயின், வெப்பம் ஏறத்தாழ இருபது இலட்சம் பாகை இருத்தல் வேண்டும். கதிரவனின் ஒளிரும் பரப்போ 5,500 பாகை செல்சியஸ் அளவினதே. அடுப்பைவிட அதன் மேலுள்ள காற்று பன்மடங்கு சூடாயிருப்பது போன்றது இது! இதன் முழுக் காரணம் இன்றும் ஆராயப்பட்டு வருகிறது.

வெப்பத்தையும் அழுத்தத்தையும் கொண்டு, எத்துணை அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று கணிக்கும் சமன்பாட்டை 1920இல் அளித்தவர் நம் நாட்டு மேகநாத சாஹா. விண்மீன்களின் நிறமாலைகளைப் படிக்க வழி திறந்தது அதுவே. ஆயினும் அச்சமன்பாடு வெப்பச் சமநிலையில் உள்ள வாயுவுக்கே பொருந்தும். கொரோனாவில் அச்சமநிலை இல்லை. அங்கே ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனித்தனியே கணித்தல் வேண்டும். ஆற்றல் நிலைகள் யாவை, எலக்ட்ரான் எத்துணை விரைவில் இறங்கும், மோதல்களால் எத்துணை எளிதில் மேலேறும் என்ற மூன்றும் இன்றியமையாதவை. மூன்றாவதே கடினமானது. மோதவரும் எலக்ட்ரான் சிறிது நேரம் அணுவில் சிக்கிப் பின் விடுபடுவதும் உண்டு. அதனை விட்டுக் கணித்தால் விடை குறைந்துவிடும். அதனால் 1980கள் முதல் பல நாட்டு அறிஞர்கள் கூடிப் பெருங்கணிப்பொறிகளில் இவ்வெண்களைத் தொகுத்து வருகின்றனர். இரும்பு முதலியவற்றிற்கென்றே 'இரும்புத் திட்டம்' என ஒன்று அமைந்தது.

இவ்வெண்கள் வானநூலாருக்கு அகராதி போன்றவை. அகராதி பிழைபட்டால் பொருளும் பிழைபடும். கோட்டின் ஒளியை எத்துணைத் துல்லியமாக அளந்தாலும், மோதல் எண் பாதியாகக் குறைந்திருந்தால், அங்குள்ள இரும்பின் அளவு இரு மடங்காகத் தோன்றக்கூடும்.

2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம், 2024 ஜனவரி 6ஆம் நாள் பூமியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் நிலையை அடைந்தது. அதன் கொரோனா நோக்கியைப் பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம் ஹொசகோட்டையிலுள்ள தன் மையத்தில் உருவாக்கியது. அந்நோக்கி ஆராயும் மூன்று கோடுகளும் இரும்பினுடையவை; அவற்றுள் ஒன்று அப்பழைய பச்சைக் கோடே. கிரகணத்தின் சில நிமிடங்களுக்காகக் கடல் கடந்து வந்து பார்த்ததை, இன்று நம் நாட்டுக் கருவி கிரகணமின்றியே பார்க்கிறது.

இதனால் நமக்குப் பயன் யாது எனலாம். 1989 மார்ச்சில் கதிரவனில் எழுந்த புயலால் கனடாவின் கியூபெக் மாநிலம் இருளில் மூழ்கியது. அத்தகைய புயல்களுக்கு ஊற்று கொரோனாவே. அதன் வெப்பத்தையும் அடர்த்தியையும் சரிவர அறிந்தாலன்றி, வரவிருப்பதை முன்கூட்டி உரைப்பது அரிது. விண்கலத்தை ஏவுவோரை நாம் போற்றுகிறோம். அது அனுப்பும் ஒளிக்குப் பொருள் காண ஆண்டுக்கணக்கில் எண்களோடு போராடுவோரையும் உடன்வைத்துப் போற்றுதல் தகும்.