பழைய சைக்கிளுக்கு மோட்டர் பூட்ட முன்னர்

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குச் சைக்கிளும் மின்சாரமும் புதிய உறவல்ல. பற்றரிக்குத் தடை. ஆகவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வீடே கூடியிருந்து ரேடியோவில் செய்தி கேட்டது. நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. பிறகு 2022இல் திரும்பவும் வரிசையில் நின்றோம். ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் மறுபடி வீதிக்கு வந்தன.

அந்தச் சைக்கிளுக்கு மோட்டர் பூட்டலாமா என்று கேட்பவர்கள் பலர் விளையாட்டுக்குக் கேட்பதில்லை. மீன்பெட்டி கட்டி ஊர் ஊராகப் போகிறவர், செயற்கைக் காலோடு வேலைக்குப் போகிறவர், உடம்பில் செல் துண்டு இருப்பதால் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் மிதிக்க முடியாதவர், குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண். இவர்கள் ஒருமுறை பிழையான சாமானை வாங்கினால் இரண்டாம் முறை வாங்கக் காசிராது.

பூட்டலாம். ஆனால் முதலில் சைக்கிளை அளக்க வேண்டும், பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

'கிற்' என்று கடைக்காரர் சொல்லும் தொகுதியில் பெரும்பாலும் மோட்டர் பொருத்திய ஒரு சக்கரம், கொன்ட்ரோலர், அக்சிலேற்றர், பிறேக் பிடி, பெடல் சென்சர் ஆகியவை இருக்கும். பற்றரி தனி விலை. வில்லங்கம் சக்கரத்தில்தான் தொடங்குகிறது. எங்கள் அப்பாமாரின் பெரிய சைக்கிளுக்கு 28 அங்குல ரயர். கிற்றிலும் 28 என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பழைய 28 x 1½ ரயரின் உள்விட்டம் 635 மில்லிமீற்றர். கிற்றில் வரும் 28 அநேகமாக 622. ரயர் மாறிப் போடவே முடியாது. 26 அங்குலத்திலும் இதே கதை: 26 x 1⅜ என்பது 590, மலைச் சைக்கிளின் 26 என்பது 559. ரயரின் பக்கத்தில் 40-635 என்பது போல ஓர் இலக்கம் பொறித்திருக்கும். அதைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

சரி, பழைய ரிம்மிலேயே மோட்டரைக் கோர்க்கலாமே என்றால், பழைய சைக்கிளின் முன் ரிம்மில் 32 துளை, பின் ரிம்மில் 40. மோட்டரில் அநேகமாக 36. கம்பி கணக்கு ஒத்துவராது. இன்னொன்று, இரும்புத் தண்டால் இழுக்கும் பழைய பிறேக் ரிம்மின் உட்பக்கத்தை அழுத்தி நிற்பாட்டுவது. கிற்றில் வரும் அலுமினிய ரிம்மில் அதற்கு இடமில்லை. முன் சக்கரத்தை மாற்றினால் முன் பிறேக்கையும் கேபிள் பிறேக்காக மாற்றியே ஆகவேண்டும். அந்தச் செலவைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பிறேக் இல்லாமல் மோட்டர் பூட்டுவதைவிட நடந்து போவது மேல்.

எந்த மோட்டர்? யாழ்ப்பாணமும் வன்னியின் பெரும்பகுதியும் தட்டை நிலம். 250 அல்லது 350 வற், உள்ளே பற்சில்லு உள்ள சிறிய மோட்டர் போதும். இரண்டரை, மூன்று கிலோதான் பாரம். கரண்ட் தீர்ந்தாலும் சைக்கிளைச் சாதாரணமாக மிதிக்கலாம். பற்சில்லு இல்லாத பெரிய மோட்டர் ஐந்தாறு கிலோ வரும், கரண்ட் இல்லாதபோது இழுத்துப் பிடிக்கும். சோளகக் காற்றுக்கு எதிரே அதை மிதித்துப் பார்த்தால் தெரியும். பெடல் அச்சில் பூட்டும் வகை மலையகத்துக்கு நல்லது, ஆனால் விலை கூட, பழைய சைக்கிளில் இலகுவாகப் பொருந்தாது.

முன் சக்கர மோட்டர் பூட்ட இலகு. ஆனால் மணல் ஒழுங்கையில் முன் சக்கரம் இழுக்கும்போது வழுக்கும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் தினமும் மணலில் ஓடுபவர் பின் சக்கர மோட்டரையே பார்க்கட்டும்.

இனிப் பற்றரி. காசு போவதும் ஏமாறுவதும் இங்கேதான். வோல்ற்றை அம்பியர்-மணியால் பெருக்குங்கள். 36 வோல்ற், 10 அம்பியர்-மணி என்றால் 360 வற்-மணி. கூடவே மிதித்தால் கிலோமீற்றருக்குச் சுமார் 10 வற்-மணி செலவாகும். மிதிக்காமல், பாரத்தோடு, அக்சிலேற்றரில் மட்டும் ஓடினால் 15 முதல் 20 வரை. மீன்பெட்டியோடு நாளுக்கு 20 கிலோமீற்றர் போகிறவருக்கு 300 முதல் 400 வற்-மணி வேண்டும். பற்றரி வயதாக ஆகக் கொள்ளளவு குறையும் என்பதால் அவர் 13 அம்பியர்-மணி வாங்குவதே புத்தி. '60 கிலோமீற்றர் ஓடும்' என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

மலிவு என்று 12 வோல்ற் ஈய பற்றரி மூன்றைக் கட்டுபவர்கள் உண்டு. மூன்றும் சேர்ந்து 12 கிலோ அளவில் வரும். தினமும் அடிவரை இறக்கினால் சீக்கிரமே படுத்துவிடும். லித்தியம் அதன் நாலில் ஒரு பங்கு பாரம்தான். ஆனால் உள்ளே பாதுகாப்புப் பலகை இல்லாத, யாரோ பழைய லப்டொப் செல்களை ஒட்டிச் செய்த பொதியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். 36 வோல்ற் லித்தியம்-அயன் பற்றரிக்கு 42 வோல்ற் சார்ஜர், 48 வோல்ற்றுக்கு 54.6. மாற்றிப் போடக்கூடாது. 2 அம்பியர் சார்ஜரில் 10 அம்பியர்-மணி ஏற ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், செலவு அரை யூனிற் அளவில்தான். படுக்கை அருகிலோ வெளியேறும் வாசலிலோ வைத்து ஏற்றாதீர்கள். லித்தியம் தீப்பிடித்தால் வெளியே ஓட வழி வேண்டும்.

பூட்டும்போது மோட்டர் அச்சின் தட்டைப் பக்கம் 10 மில்லிமீற்றர். பழைய ஃபோர்க்கின் பிளவு சிலவேளை அதைவிடக் குறுகல். அரத்தால் இரு பக்கமும் கொஞ்சம் சமமாக உரசலாம், ஆழமாக்கக் கூடாது. ஃபோர்க் கால்களுக்கு இடையில் 100 மில்லிமீற்றர் வேண்டும். அச்சு சுழன்று வெளியே பாயாமல் பிடிக்கும் இரும்புப் பட்டை ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். மோட்டர் முறுக்கும்போது நட் மட்டும் தாங்காது. துருத் தின்ற ஃபோர்க்கில் பூட்டவே வேண்டாம். வயர் அச்சிலிருந்து கீழ்நோக்கி வளைந்து பிறகு மேலே ஏறட்டும், மழைத்தண்ணீர் வயர் வழியே உள்ளே போகாது. மீன்காரர்கள் பற்றரியைப் பெட்டிக்குக் கீழே கட்ட வேண்டாம். ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் கொன்ட்ரோலரைத் தின்றுவிடும்; சட்டத்தின் நடுவே கட்டுங்கள். பற்றரி இணைப்பு எப்போதும் கடைசியாக.

ஒரு கால் இல்லாதவருக்குப் பெடல் சென்சரை நம்பும் கிற் சரிவராது, பெருவிரலால் அழுத்தும் அக்சிலேற்றர் வேண்டும். ஒரு கை இல்லாதவருக்கு ஒரே பிடியில் இரண்டு பிறேக்கையும் இழுக்கும் வகை உண்டு, கேட்டு எடுக்கலாம். அந்தப் பிடி மோட்டரையும் நிறுத்துகிறதா என்று சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சோதியுங்கள். கையால் சுற்றும் முச்சக்கர வண்டியில் முன் சக்கரம் சும்மா உருளும் வகையாயின் முன் மோட்டர் நேராகப் பொருந்தும். நிறுத்தி வைக்கும் பிறேக்கை முதலில் சரிசெய்யுங்கள்.

மோட்டர் பூட்டிய சைக்கிளுக்குப் பதிவு, இலக்கத்தகடு தேவையா என்பதை வாங்க முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். வற் அளவைச் சொல்லியே கேளுங்கள். வாராவாரம் கட்டும் நுண்கடனில் இதை வாங்குவதாயின் என் அபிப்பிராயம் வேண்டாம் என்பதே. கடன் முடிய முன்னர் பற்றரி முடிந்துவிட்டால் இரண்டையும் சேர்த்து மிதிக்க வேண்டிவரும்.

பூட்டி முதல் பத்துக் கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி, அச்சு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். மோட்டரையும் வயர் மூட்டுகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். மோட்டர் இளஞ்சூடாக இருக்கலாம். வயர் மூட்டு சுட்டால் அன்றைக்கு ஓட வேண்டாம்.