ஒரே கூண்டில் இரண்டு பாம்பு

இண்டூர்ப் பக்கம் கடலைக் கொல்லையிலோ கரும்புத் தோட்டத்து வரப்பிலோ இரண்டு நீளப் பாம்புகள் கயிறு திரித்தாற்போலப் பின்னிக்கொண்டு, முன்னுடம்பைத் தூக்கி நின்றால் ஊரே கூடிவிடும். நல்லபாம்பும் சாரையும் பிணைகின்றன என்பார்கள். மேலே புதுத்துணி போட்டு எடுத்து வைத்தால் செல்வம் சேரும் என்றும் சொல்வார்கள். ஆனால் அங்கே நல்லபாம்பே கிடையாது. இரண்டும் சாரை, இரண்டும் ஆண். எதிராளியின் தலையைத் தரையில் அழுத்தத்தான் இந்த மல்லுக்கட்டு. தோற்றது நழுவிப் போய்விடும். ஆணும் பெண்ணும் சேர்வது தரையோடு தரையாக, கூட்டம் கூட்டாமல் நடக்கிற காரியம்.

செல்லமாகப் பாம்பு வளர்ப்பவர்கள் பலரும் சறுக்குவது இந்த நினைப்பில்தான்: ஒன்று தனியாகக் கிடந்து ஏங்குகிறதே, துணைக்கு இன்னொன்றை விடுவோம் என்று. சாரையோ, அயல்நாட்டு இனமான பால் பைத்தானோ (ball python) அப்படி ஏங்குவதில்லை. ஒரே கூண்டில் விட்டால் கதகதப்பான மூலையை வலுத்தது பிடித்துக்கொள்ளும். மற்றது இரை எடுக்காமல் மெலியும். இரையைக் கக்கியிருந்தால் எது கக்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்றின் நோய் மற்றதற்கும் தொற்றும். ஒரே எலியை இரண்டு பக்கமும் கவ்விய பாம்புகளில் ஒன்று மற்றதையே விழுங்கிவிடுவதும் உண்டு. கட்டுவிரியனுக்கும் ராஜநாகத்துக்கும் பாம்பு வழக்கமான இரை.

இரண்டு பாம்பை ஒன்றாக வைக்கும் இடமும் உண்டு. வடநெம்மேலியில் உள்ள, 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், வாயில் துணி கட்டிய மண்பானைகளில் பாம்புகளை வைக்கிறார்கள், ஒரு பானைக்கு இரண்டு என்று. அது 21 நாள் தங்கல்தான். அதற்குள் நான்கு முறை விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதைக் குடும்பம் நடத்த வைப்பதாக நினைக்கக் கூடாது.

இனப்பெருக்கத்துக்கும் விதி இதுவே. ஆண்டு முழுக்கத் தனித்தனிக் கூண்டு. பெண் வளர்ந்து, உடம்பு தேறிய பிறகு சில நாள் மட்டும் சேர்த்து விட்டு, மறுபடி பிரித்துவிட வேண்டும். முட்டையிட்டதும் ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் பென்சிலால் புள்ளி வைப்பார்கள். பாம்பு முட்டையைக் கோழிமுட்டைபோலப் புரட்டக் கூடாது. உள்ளே கரு ஓட்டோடு ஒட்டி வளர்வதால், தலைகீழானால் செத்துப்போகக்கூடும்.

முட்டை என்றதும் மலைப்பாம்புதான் நினைவுக்கு வரும். முட்டைகளைச் சுற்றிக்கொண்டு தசைகளை வெட்டிவெட்டி இழுத்துச் சூடு உண்டாக்கும். குளிர்ரத்தப் பிராணியா அடைகாக்கும் என்று 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர்கள் நம்ப மறுத்தார்கள். 1841இல் பாரிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு மலைப்பாம்பு அடைகாத்தபோது வெப்பமானி வைத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். குஞ்சு பொரித்ததும் தாய் போய்விடும். குஞ்சுகளும் ஆளுக்கொரு திசையில் பிரிந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு வரப்பில் கண்ட சாரையைப் பிடித்து வளர்க்க நினைக்க வேண்டாம். நம் நாட்டுப் பாம்புகளை அனுமதியில்லாமல் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு இனம் வைத்திருந்தால் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். அது குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.