மூளையில் ஓர் அணைக்கட்டு

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரு கிளையாகப் பிரிந்து, திருவரங்கத்தை இடையே தாங்கிச் செல்வதை யாவரும் அறிவோம். வடகிளையாகிய கொள்ளிடம் தாழ்வாயிருத்தலின், நீர் பெரும்பாலும் அவ்வழியே வடிந்துவிடும். ஆகவே 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் துரை அதன் தலைப்பில் மேலணையைக் கட்டுவித்தார். வடிகால் அடைபடவே காவிரியில் நீர் உயர்ந்தது. இவ்வுபாயத்தையே மூளை ஆராய்ச்சியாளரும் கையாளுகின்றனர். அதனை ஈண்டுச் சிறிது விளக்குவோம்.

மூளையின் நரம்பணுக்களுக்கிடையே மிக நுண்ணிய இடைவெளிகள் உள. ஓரணு மற்றோர் அணுவுக்குச் செய்தி அனுப்புங்கால், ஓர் இரசாயனப் பொருளை அவ்விடைவெளியிற் சொரியும். அத்தகைய பொருள்களுள் ஒன்று டோபமைன். உடலசைவுக்கும் மன ஊக்கத்துக்கும் இஃது இன்றியமையாதது. செய்தி சேர்ந்தபின், அணுவின் மேலுள்ள ஒரு புரதம் வாயில்போல் நின்று டோபமைனை மீண்டும் உள்ளிழுத்துக்கொள்ளும். இதுவே வடிகால்.

கொக்கேயின் இவ்வாயிலை அடைப்பது; அதனால் விளையும் வெறிக்கு இதுவே தலையாய காரணம். ஆயினும் அது நாரட்ரீனலின், செரோடோனின் என்பவற்றின் வாயில்களையும் உடன் அடைக்கும். ஆகவே, எம்மாறுதல் எதனால் நேர்ந்ததெனத் துணிதல் அரிது. 1980ஆம் ஆண்டையொட்டி ஹாலந்து தேசத்தில் தோன்றிய ஜி.பி.ஆர். 12909, ஜி.பி.ஆர். 12935 என்னும் பொருள்களோ டோபமைன் வாயிலையே தெரிந்து அடைப்பன. பின்னதைக் கதிர்வீசும் ஹைட்ரஜனால் அடையாளமிட்டு, அவ்வாயில்கள் மூளையில் எங்கெங்கே எத்துணை உள என அளந்தனர். பார்க்கின்சன் நோயென்னும் நடுக்குவாதத்தால் வருந்தி இறந்தோர் மூளையில் அவை குறைந்திருக்கக் கண்டனர்.

அந்நோய்க்கு மருந்தாவது எல்-டோபா. அஃது உடலிற் சென்று டோபமைனாக மாறும். ஜி.பி.ஆர். வடிகாலை அடைப்பது, எல்-டோபா வரத்தைப் பெருக்குவது. நம் நாட்டுப் பூனைக்காலி விதையினின்று அதனை 1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சிச் சாலையில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்தனர். மூளையில் டோபமைனின் தொழிலை ஸ்வீடன் தேசத்துக் கார்ல்சன் விளக்கியது அதற்கு இருபது ஆண்டுகளின் பின்னரே.

ஜி.பி.ஆர். 12909 கொக்கேயின் பழக்கத்தை மாற்றும் மருந்தாகுமோ என மனிதரிடத்தும் சோதிக்கப்பட்டது. இதயத்தின் மின்னொழுங்கை அது பிறழச்செய்வது புலனாகவே, அம்முயற்சி கைவிடப்பட்டது. மூளையில் ஒரு வாயிலைத் தெரிந்து அடைக்கும் பொருளும் இதயத்தில் வேறொரு வாயிலைத் தீண்டக்கூடும். ஆராய்ச்சிக்குச் சிறந்த கருவியாவதெல்லாம் நோயாளிக்கு மருந்தாகிவிடாது. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் இவ்வேறுபாட்டை என்றும் மறவாதிருத்தல் நலம்.