வடத்தில் தேயும் படம்

வைகுண்ட ஏகாதசியன்று, விடியுமுன் ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கப்படுவதை, திருச்சி மாவட்டத்தின் மருங்காபுரியில் ஒரு மாணவன் தொலைக்காட்சியில் காண்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளைத் தொட்டுத் திரும்பிய படம் அது. ஆயினும் நாம் பார்க்கப்போவது அந்த நெடும்பயணத்தை அன்று. கேமராவிலிருந்து ஒளிபரப்பு வண்டி வரையுள்ள நூறு மீட்டர் வடத்தை மட்டுமே. ஏழு திருச்சுற்றுகளும் 156 ஏக்கர் பரப்பும் கொண்ட கோயிலில் நூறு மீட்டர் ஒரு தூரமே அன்று.

உயர்தெளிவுப் படத்தை எண்முறையில் அனுப்பும்போது, எஸ்.டி.ஐ. என்னும் முறையில், நொடிக்கு 148.5 கோடி பிட்டுகள் ஒரே கோஆக்சியல் வடத்தில் வரிசையாகச் செல்கின்றன. வடத்தில் சைகையின் வேகம் ஒளிவேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு என்று கொண்டால், ஒரு பிட்டின் நீளம் என்ன? கணக்கிட்டுப் பாருங்கள். சுமார் 16 செ.மீ. வரும், உங்கள் வடிவகணிதப் பெட்டியிலுள்ள அளவுகோலைவிடச் சற்றே நீளம். நூறு மீட்டர் வடத்துக்குள் எக்கணமும் அறுநூறுக்கு மேற்பட்ட பிட்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஓடும்போதே அவை தேய்கின்றன. 1, 0, 1, 0 என மாறி மாறி வந்தால், அதன் அதிர்வெண் பிட் வேகத்தில் பாதி, அதாவது 74 கோடி ஹெர்ட்ஸ். உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பிலேயே பாயும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தாமிரத்தில் 9 மி.மீ. அளவுக்கு ஊடுருவுகிறது; 74 கோடி ஹெர்ட்ஸில் அந்த ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நானூறில் ஒரு பங்குதான். பாயும் இடம் குறுகினால் மின்தடை கூடுமல்லவா? வடத்தின் காப்புப்பொருளும் தன் பங்குக்கு ஆற்றலை உறிஞ்சுகிறது. ஆகவே 0.8 வோல்ட்டில் புறப்படும் சைகையின் விரைவான பகுதி, நல்ல வடத்திலும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். மெதுவான பகுதி அவ்வளவு குறைவதில்லை. தொலைவில் வரும் சாமி ஊர்வலத்தில் தவிலின் முழக்கம் கேட்கும், ஜால்ரா கேட்காது, அதைப் போலத்தான். விளிம்புகள் மழுங்கி, ஒரு பிட் அடுத்த பிட்டின்மேல் படிகிறது.

இதைத் திருத்தும் சில்லுகளில் முதலாவது சமனாக்கி. வடம் எந்த அதிர்வெண்ணை எவ்வளவு குறைத்ததோ, அதை அவ்வளவு பெருக்கும். ஜால்ராவை மட்டும் தூக்கித் தரும். வடம் எவ்வளவு தேய்த்தது என்பதைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் வகையும் உண்டு. ஆனால் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். தாளம் தப்பினால் அதற்குத் தெரியாது.

தாளத்தைச் சீர்செய்வது ரீடைமர். வந்துசேரும் பிட்டுகளிலிருந்தே தாளத்தைக் கண்டறிந்து, ஒவ்வொன்றும் 1-ஆ 0-ஆ என்று தீர்மானித்து, புதிய சைகையாக எழுதி அனுப்பும். தவறாகத் தீர்மானித்த பிட்டை மீட்க வழியில்லை. அதனால்தான் சமனாக்கி முன்னும் ரீடைமர் பின்னுமாக அமைக்கிறார்கள். ஒரே வடம் என்றால் பெரும்பாலும் சமனாக்கியே போதும். படம் பல கருவிகளுக்குள் புகுந்து வெளிவர வேண்டுமானால் ரீடைமர் தேவை. இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் தாளப்பிழை சேர்ந்துகொண்டே போகும். விலை மிகுந்தது என்பதற்காகவே ரீடைமரை வாங்குவோரைக் கண்டால் எனக்குச் சற்று எரிச்சல்தான். அது கூடுதல் மின்சாரம் தின்னும், சூடாகும்.

சில்லின் இடமும் முக்கியம். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். மறுநாள் காலை கருத்தரங்கு. எங்கள் அரங்கில் 20 மீட்டர் எச்.டி.எம்.ஐ. வடத்தில் 720 வரிப் படம் குறையின்றி வந்தது. 1080 வரிக்கு மாற்றியதும் திரை இருண்டது. பழைய அனலாக் படமாயிருந்தால் புள்ளிகள் பொரிந்து முன்கூட்டி எச்சரித்திருக்கும். இங்கே எல்லைவரை நல்ல படம், எல்லை கடந்தால் ஒன்றுமில்லை. நொடிக்கு 60 படங்கள் என்ற கணக்கில், வடத்திலுள்ள மூன்று இணைக்கம்பிகள் ஒவ்வொன்றிலும் பிட் வேகம் 74.25 கோடியிலிருந்து 148.5 கோடியாக உயர்ந்துவிட்டதே காரணம்.

சமனாக்கி பொருத்திய சிறு பெட்டி ஒன்றை வாங்கிவந்து, கைக்கு எட்டுகிறதே என்று கணினியருகே மாட்டினேன். பயனில்லை. அங்கே சைகை இன்னும் தேயவே இல்லையே, திருத்த என்ன இருக்கிறது? இயற்பியல் நடத்துபவனுக்கு இது தோன்ற அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு ஏணி போட்டு ஏறி, கூரையில் தொங்கும் புரொஜெக்டரின் வாயிலில் அதே பெட்டியை மாட்டினேன். படம் வந்தது.