வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எந்த அறிவியல் புத்தகம்?

திண்டுக்கல் மாவட்டத்து எரியோடு போன்ற ஊரில் பதினோரு வயதுப் பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்க நினைக்கும் பெற்றோர் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்றுதான். பிள்ளை எந்தத் தேர்வை எழுதப்போகிறது என்பது அதற்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பேசுகிறது; வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியாக எதுவும் சொல்வதில்லை. பெற்றோர் விரும்பி ஏற்ற வீட்டுக்கல்வி தொடரலாம் என்று மத்திய மனிதவள அமைச்சகம் 2012இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. அப்படிப் படிக்கும் பிள்ளை தேர்வு எழுத முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிரம்பியிருக்க வேண்டும். கேள்விகள் சமச்சீர்ப் பாடத்திலிருந்து வரும். மற்றொன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி; பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் குறைந்தது 14 வயது. அங்கே அறிவியல் கட்டாயப் பாடம் அல்ல. கணக்கு, அறிவியல் பக்கம் போக ஆசைப்படும் பிள்ளைக்கு அந்தச் சலுகையே பின்னால் வினையாகலாம்.

தனித்தேர்வு வழி என்றால் சமச்சீர்ப் புத்தகத்தை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் வழியும் ஆங்கில வழியும் ஒரே பாடம் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஆறாம் வகுப்பின் முதல் பருவம் அளவீடுகளில் தொடங்குகிறது; மூன்றாம் பருவத்தில் காந்தவியலும் நீரும் வருகின்றன. குறை என்னவென்றால், பல இடங்களில் செயல்பாட்டுக்குக் கீழேயே விடையும் அச்சாகியிருக்கிறது. செய்யாமலே எழுதிவிடலாம்; வீட்டில் தனியாகப் படிக்கும் பிள்ளை அதைத்தான் செய்யும். என்சிஇஆர்டி 2024இல் ஆறாம் வகுப்புக்கு வெளியிட்ட 'கியூரியாசிட்டி' கேள்வி கேட்டு நடத்துவதில் தேவலாம். பெட்டியாக விற்கும் வெளிநாட்டுப் பாடத்திட்டங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், பனிக்காலத்தில் இலை உதிர்க்கும் மரத்தைத் தேடி வேடசந்தூர்ச் சாலையில் எங்கே போவது?

இதே வயதுக்காக இந்தியாவில் ஒரு பெரிய முயற்சி நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டம் அது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை. 'பால் வைஞானிக்' என்ற அதன் புத்தகம் விடையைச் சொல்லாது. சோதனையைச் சொல்லிவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்கும். தேர்வு அறையில் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம். ஆயிரம் பள்ளிகளுக்கும் மேல் பரவிய திட்டத்தை மாநில அரசு 2002இல் மூடிவிட்டது. திட்டம் போனாலும் அந்த முறையை ஒரு வீட்டில் கடைப்பிடிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். சமச்சீர்ப் பாடத்தின் விடை வரிகளை ஒரு தாளால் மறைத்துவிட்டுச் செயல்பாட்டை மட்டும் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

நீர்ப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே மாதிரி மூன்று பாட்டில்கள். சம அளவு போர்த் தண்ணீர், காவிரிக் குழாய்த் தண்ணீர், பிடித்துவைத்த மழைத்தண்ணீர். குளியல் சோப்பைச் சீவி மழைத்தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். சலவைப் பவுடர் உதவாது, அது உப்புத் தண்ணீரிலும் நுரைத்துவிடும். மெடிக்கலில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சால் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்க எத்தனை சொட்டு ஆகிறது என்று பிள்ளை எழுத வேண்டும். பிறகு அதே போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு மறுபடியும். சொட்டு குறைந்தால் ஏன் குறைந்தது? பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்வி பிள்ளையிடமிருந்தே வந்துவிட்டால் கடினத்தன்மை என்ற சொல்லை அப்போது சொன்னால் போதும்.

சோப்பு எல்லாவற்றையும் காட்டிவிடாது. திண்டுக்கல் மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு உண்டு. அது நாக்குக்கும் தெரியாது, நுரைக்கும் தெரியாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 1.5 என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதன் அளவை அறியத் தண்ணீரை ஆய்வகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

விலங்குப் பாடத்துக்கும் தூரம் போக வேண்டாம். திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரைத் தேவாங்குச் சரணாலயமாக 2022இல் அரசு அறிவித்தது. இரவில் டார்ச் அடித்துத் தேவாங்கைத் தேடப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் இந்த வயதுக்குச் சரியாக இருக்கும். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுவரை பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் ஆய்வு வைக்கலாம்.

பன்னிரண்டு வயதானதும் வாரத்தில் இரண்டு நாளாவது பாடத்தின் பின்பக்கக் கேள்விகளுக்கு ஒதுக்க வேண்டும், தேர்வு தேர்வுதான். பின்னர் பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுதினால், அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. அதற்கான பயிற்சி வகுப்பில் முன்கூட்டியே பதிந்து, 80 சதவீத வருகை காட்ட வேண்டும். தேர்வுக்குப் பல மாதம் முன்பே அறிவிப்பு வந்துவிடும், நாளிதழைப் பார்த்துக்கொண்டிருங்கள்.